தையல் பிரித்த பிறகு

நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்டவரின் கட்டிலருகே மூன்று பந்துகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கருவி இருக்கும். ஸ்பைரோமீட்டர். கையில் கொடுத்ததும் ஏறக்குறைய எல்லோரும் அதை ஊதத்தான் பார்ப்பார்கள். "ஊதாதீங்க அய்யா, சித்த உள்ள இழுங்க" என்று பிசியோதெரபிஸ்ட் திருத்த வேண்டியிருக்கும். இழுத்தால்தான் பந்து ஏறும். பந்து ஏறினால்தான் நுரையீரலின் அடிப்பகுதி விரிகிறது என்று பொருள். அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு வலிக்கும். வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுவார், சளி தேங்கும், நிமோனியா வரும். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். இதயத்தைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள் வாழ்ந்தார். அவரைக் கொன்றது நிமோனியா. புது இதயம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது.

மூச்சை இழுப்பது மறுவாழ்வுச் சிகிச்சையின் முதல் பாடம். கட்டிலோரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது, நாற்காலிக்கு மாறுவது, வார்டு நடைபாதையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பது என்று அடுத்தடுத்த பாடங்கள் வரும். பிறகு ஒருநாள் பிள்ளைகள் காரோடு வந்து நிற்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயரும் வேளையும் விரிவாக இருக்கும். உடம்பை எப்படித் தேற்றிக்கொண்டு வருவது என்பது ஓரிரு வரியில் முடிந்திருக்கும். கோபிசெட்டிபாளையத்திலோ தாராபுரத்திலோ உள்ள வீடு போய்ச் சேர்ந்ததும் அந்த ஓரிரு வரியும் மறந்துபோய், ஓய்வு ஒன்றே சட்டமாகிவிடும். தண்ணீர்ச் செம்புகூடக் கட்டிலுக்கே வரும். எழுந்து வாசலுக்கு வந்தால், "எதுக்குங்க எந்திரிச்சீங்க, பேசாம படுங்க" என்று வீடே பதறும். அன்புதான். ஆனால் அந்த அன்பு செய்யும் கெடுதலை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுள்ள ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஓர் ஆய்வு நடந்தது. உடல் உச்ச உழைப்பின்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அவர்களிடம் கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை பறித்ததைவிட மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம் என்று தெரிந்தது. நோயே இல்லாத இளைஞர்களின் கதி இது. ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸில் இருந்து, அல்லது இதயச் செயலிழப்போடு பத்தடி நடக்க மூச்சிரைத்துக் கிடந்து, கடைசியில் பெரிய அறுவைக்கும் உட்பட்ட ஐம்பத்தைந்து வயதுக்காரரின் தசை எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

ஒரு காலத்தில் மருத்துவர்களும் வீட்டாரைப் போலத்தான் நினைத்தார்கள். மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம்வரை அசையாமல் படுக்க வைப்பதே வழக்கமாக இருந்தது. 1952இல் பாஸ்டனின் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் அவர்களைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்த அனுபவத்தை வெளியிட்டபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இப்போது அதை யாரும் எதிர்ப்பதில்லை. மருத்துவமனை அந்தப் பழக்கத்தைக் கைவிட்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. வீடு இன்னும் கைவிடவில்லை.

கொங்கு வட்டாரத்தில் இந்தப் பேச்சுக்கு இப்போது அவசியம் கூடியிருப்பதற்குக் காரணம், அறுவை பக்கத்திலேயே வந்துவிட்டது. 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. 1994 ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பி. வேணுகோபால் இதயத்தை மாற்றினார். அடுத்த ஆண்டே சென்னையில் டாக்டர் கே.எம். செரியன். 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவருடைய பெற்றோர் கொடையாகத் தந்ததும், அவர் இதயம் சென்னைப் போக்குவரத்தைப் பிளந்துகொண்டு முகப்பேருக்குப் பறந்ததும் தமிழ்நாட்டின் மனத்தை மாற்றிய நிகழ்வுகள். இன்று தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பங்கீட்டில் மேற்கு மண்டலத்துக்குக் கோவைதான் நடுநாயகம். அவிநாசி சாலையிலும் பீளமேட்டிலும் உள்ள பெரிய மருத்துவமனைகளில் சிறுநீரகம், கல்லீரல், இதயம் மாற்றும் அறுவைகள் நடக்கின்றன. உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கொடுப்பவருக்கு மரியாதை வந்துவிட்டது. வாங்கியவர் எப்படி நடமாடுகிறார் என்பதைத்தான் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

மாற்றி வைத்த இதயம் ஒரு விசித்திரமான உறுப்பு. கொடையாளரின் உடலிலிருந்து எடுக்கும்போதே அதற்குரிய நரம்புகள் அறுபட்டுவிடும். ரத்தக்குழாய்களைத் தைக்கலாம், இந்த நரம்புகளைத் தைக்க முடியாது. சாதாரண இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி இல்லாததால், சும்மா படுத்திருக்கும்போதே அது நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை துடிக்கும். எழுந்து நடந்தால் உடனே வேகம் கூடாது. நரம்பு வழியே நொடியில் போகவேண்டிய செய்தி, தந்திக் கம்பி அறுந்த ஊரில் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவதுபோல, அட்ரினலின் வழியாக ரத்தத்தில் நீந்திப் போய்ச் சேர வேண்டும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அதேபோல் நடையை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அது வேகமாகவே துடித்துக்கொண்டிருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் திடீரென மாடிப்படி ஏறுபவருக்குக் கண் இருட்டும். 'புது இதயம் சரியாகப் பொருந்தவில்லை' என்று பயந்து அவர் மறுபடி படுத்துக்கொள்வார். உண்மையில் அவருக்கு வேண்டியது, நடைக்கு முன்னால் பத்து நிமிடம் மெதுவாக உடம்பைச் சூடேற்றுவதும், முடித்த பிறகு பத்து நிமிடம் மெல்லத் தணிப்பதும்தான். நாடியைப் பிடித்துப் பார்த்துப் பயிற்சியின் அளவைத் தீர்மானிக்கும் வழக்கமான முறையும் இங்கே உதவாது. அதனால் ஸ்வீடனின் குன்னர் போர்க் வகுத்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 'எவ்வளவு சிரமமாக இருக்கிறது?' என்று நோயாளியையே 6 முதல் 20 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். 12, 13 வந்தால் போதுமான உழைப்பு. இன்னொரு ஆபத்தும் உண்டு. நரம்பற்ற இதயத்தில் ரத்தக்குழாய் அடைத்தால் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். காரணமில்லாத மூச்சிரைப்பும் களைப்பும்தான் அறிகுறி. வலியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பம் அதைத் தவறவிட்டுவிடும்.

பயிற்சி உண்மையில் பலன் தருகிறதா என்ற கேள்விக்கு 1999இல் ஜான் கோபாஷிகாவாவின் குழு அமெரிக்காவில் விடை தேடியது. இதயம் மாற்றிக்கொண்ட 27 பேர். ஒரு பிரிவினர் ஆறு மாதம் பிசியோதெரபிஸ்ட்டின் நேரடிப் பார்வையில் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வீட்டில் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாத முடிவில் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் முதல் பிரிவில் 49 சதவீதம் கூடியது, இரண்டாம் பிரிவில் 18 சதவீதம். ஆய்வு சிறியது, ஆனால் நம் நோயாளிகள் கிட்டத்தட்ட எல்லோரும் அந்த இரண்டாம் பிரிவில்தான் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இந்த இரண்டு எண்களுக்கும் கனம் கூடுகிறது.

சிறுநீரகமும் கல்லீரலும் மாற்றியவர்களின் சிக்கல் வேறு. உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு தொடை, இடுப்புத் தசைகளைத்தான் முதலில் தின்னும். நேராக நடந்துவிடுவார், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் உள்ள நாட்டில் இது பெரிய குறையாகத் தெரியாது. பாயில் உட்கார்ந்து சாப்பிட்டு, குந்தியிருந்து கழிப்பறை போகும் வீட்டில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை தோல்வியை நினைவூட்டும் விஷயம். இதற்கான பயிற்சிக்குக் கருவி எதுவும் தேவையில்லை. உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, வாரத்துக்கு வாரம் நாற்காலியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளியில், எலும்பு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும். ஏனென்றால் ஸ்டீராய்டு எலும்பையும் அரிக்கும்.

மாத்திரை விஷயத்தில் கோவை நோயாளிகள் பெரும்பாலும் கண்டிப்பானவர்கள். உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் டேக்ரோலிமஸ் பன்னிரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. காலை எட்டு என்றால் இரவு எட்டு. 'டேக்ரோ லெவல்' பார்க்க ரத்தம் எடுக்கும் நாளில் மட்டும் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவர் அந்த மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டுதான் பேருந்து ஏற வேண்டும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இந்த மருந்துகளின் பிறப்பிடம் சுவையானது. சைக்ளோஸ்போரின் நார்வேயின் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்து மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து வந்தது. டேக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து. மண் தந்த மருந்து. அதைச் சாப்பிடுபவர் கவனமாக இருக்க வேண்டியதும் மண்ணிடம்தான்.

கொங்கு விவசாயியின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியலில் கட்டுத்தரையில் சாணம் அள்ளுவது, போரில் வைக்கோல் பிடுங்குவது, செருப்பில்லாமல் வரப்பில் நடப்பது, பொடக்காளியில் கோழிக்குத் தீனி போடுவது. எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்ட உடம்புக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. பூசணம் பிடித்த வைக்கோலிலும் மக்கும் குப்பையிலும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும்; நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே உலை வைக்கும். ஈர மண்ணில் வாழும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழையும். ஸ்டீராய்டு எடுப்பவரின் உடலில் அது கட்டுக்கடங்காமல் பெருகும். புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை. பல்லடம், நாமக்கல் கோழிப் பண்ணைகளின் எச்சத் தூசியையும் பஞ்சாலைத் தூசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் பதில், 'இனிமேல் தோட்டத்துப் பக்கமே போகாதே' என்பதா? பலருக்கும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. பண்ணயமே வாழ்வாக இருந்தவரிடம் அதைச் சொன்னால் அவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: மனம் உடைந்து திண்ணையில் உட்காருவார், இல்லையென்றால் யாருக்கும் சொல்லாமல் பழையபடி சாணம் அள்ளப் போவார். முதல் சில மாதம் முழுத் தடை, பிறகு மூடிய காலணி, கையுறை, என்95 முகக்கவசத்தோடு வரப்பு நடை, மேற்பார்வை வேலை. வைக்கோலும் எருக்குழியும் மட்டும் என்றைக்கும் வேறொருவர் பொறுப்பு. இப்படிப் படிப்படியாக எழுதிக் கொடுக்க, அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டறிய ஒருவருக்குக் கால் மணிநேரம் வேண்டும். மறுவாழ்வுச் சிகிச்சையின் பெரும்பகுதி இந்தக் கால் மணிநேரம்தான்.

சாப்பாட்டிலும் இதே கதை. பொள்ளாச்சி இளநீரை உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் வெட்டிக் கொடுப்பார்கள். டேக்ரோலிமஸ் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும் இயல்புடையது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் மாற்றியவருக்கு இந்தக் கூட்டணி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். பம்ப்ளிமாஸ் பழம் குடலில் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கி, ரத்தத்தில் மருந்தளவை ஏற்றிவிடும். முதல்நாள் கரைத்து வைத்த கம்பங்கூழ், காய்ச்சாத பால் இரண்டும் தொற்றுக்கு வாசல். நலம் விசாரிக்க வரும் ஒறம்பரை இன்னொரு வாசல். இருமிக்கொண்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுபவரை எந்த மருமகளால் வாசலில் நிறுத்த முடியும்? காசநோய்க் கணக்கைப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு ஏன் என்பது புரியும். வேலூரில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்குக் காசநோய் வந்திருந்தது. அதற்குத் தரும் ரிஃபாம்பிசின் டேக்ரோலிமஸின் அளவைச் சடாரென்று இறக்கிவிடும். அப்போது மாற்றிய உறுப்பே ஆபத்தில் விழும். உள்ளூர் மருத்துவர் நல்லெண்ணத்தோடு தொடங்கும் சிகிச்சையானாலும் கோவைக்கு ஒரு போன் போடாமல் தொடங்கக் கூடாது.

இதயச் சாதனங்களுக்கு வருவோம். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர் ஓகே செனிங், பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட் செய்த பேஸ்மேக்கரை ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தினார். முதல் கருவி சில மணிநேரமே ஓடியது. லார்சனோ அடுத்தடுத்து இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001வரை, 86 வயதுவரை வாழ்ந்தார். தனக்குப் பொருத்தியவரும் செய்தவரும் இறந்த பிறகும் இருந்தார். இன்று அது சிறிய அறுவை, ஓரிரு நாளில் வீடு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'இடது கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள்' என்று நாலைந்து வாரத்துக்குச் சொல்லப்பட்டதை, கையையே அசைக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டு மார்போடு அணைத்தே வைத்திருப்பவர்கள் உண்டு. மூன்றாம் மாதம் பேஸ்மேக்கர் நன்றாக ஓடும். தோள் இறுகிப்போய்ச் சட்டை மாட்ட முடியாது. தோளுக்குக் கீழே கையை ஆட்டி அசைக்கும் எளிய பயிற்சியை முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்தால் இந்தத் துன்பம் பெரும்பாலும் வராது.

கோவையில் லேத்து பட்டறையும் ஃபவுண்டரியும் வெல்டிங் கடையும் தெருவுக்குத் தெரு. பேஸ்மேக்கர் வைத்தவர் திரும்பிப் போகவேண்டிய இடம் அதுதான். கைபேசியைச் சாதனத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, எதிர்ப்பக்கத்துக் காதில் வைத்துப் பேசலாம். இன்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். வெல்டிங்குக்கும் இன்டக்‌ஷன் உலைக்கும் சாதனத்தைப் பொருத்திய மருத்துவரின் தனிப்பட்ட அனுமதி தேவை. மின்காந்தம் என்ற சொல்லைக் கேட்டே வேலையை விட்டவர்களுக்கு, எந்த இயந்திரம் எத்தனை அடி என்று சொல்லித் தருவதும் சிகிச்சைதான்.

துடிப்பு தாறுமாறாகும்போது உள்ளிருந்தே ஷாக் கொடுத்து உயிரைக் காப்பாற்றும் ஐசிடி, 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மிஷேல் மிரோவ்ஸ்கியின் விடாமுயற்சியால் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. ஒருமுறை அந்த ஷாக்கை அனுபவித்தவர் எந்த வேலையின்போது அது வந்ததோ அந்த வேலையை வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டார். குளியலறையில் வந்திருந்தால் தனியாகக் குளிக்கவே பயம். இங்கே உடற்பயிற்சியோடு மனநல ஆலோசனையும் சேர்ந்தே போக வேண்டும். 2009இல் முடிவுகள் வெளியான ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில் இதயச் செயலிழப்புள்ள 2,331 பேர் சேர்க்கப்பட்டார்கள்; அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐசிடி வைத்திருந்தவர்கள். பயிற்சியால் அவர்களுக்கு ஷாக் கூடவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கருவி எத்தனை துடிப்பில் ஷாக் கொடுக்க அமைக்கப்பட்டிருக்கிறதோ அதற்குப் பத்து இருபது குறைவாகவே பயிற்சியை நிறுத்த வேண்டும். அந்த எண் பிசியோதெரபிஸ்ட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை குடும்பங்கள் சாதன அட்டையைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கின்றன!

இன்னும் அரிதானது, இடது கீழறைக்கு உதவும் எல்விஏடி என்னும் இதயப் பம்பு. கோவைக்காரருக்கு இதை விளக்குவது எளிது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கியதாகப் பெருமை கொள்ளும் ஊர். கிணற்றுத் தண்ணீரை ஏற்றும் பம்புசெட்டில் இந்தியாவுக்கே பெயர்போன ஊர். ஹார்ட்மேட் 3 என்னும் கருவியும் மைய விலக்கு விசையில் ஓடும் பம்புதான். அதன் சுழலி தாங்கியில் உரசாமல் காந்தப் புலத்தில் மிதந்தபடி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றி, பத்து லிட்டர்வரை ரத்தத்தைத் தள்ளும். ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் இந்தக் கருவியில் 58 சதவீதம், அதற்கு முந்தைய மாதிரியில் 44 சதவீதம் என்று 2022இல் வெளியான மொமென்டம் 3 ஆய்வு சொல்கிறது. விலை பல பத்து லட்சம் என்பதால் இந்தியாவில் மிகச் சிலருக்கே எட்டியிருக்கிறது, ஐ.ஐ.டி. கான்பூரின் ஹ்ருத்யந்த்ரா திட்டம் உள்நாட்டிலேயே செயற்கை இதயத்தை உருவாக்க முயல்கிறது.

இந்தப் பம்போடு வாழ்வதற்கு வீடே பயிற்சி பெற வேண்டும். வயிற்றைத் துளைத்து வெளியே வரும் மின்கம்பியின் வாயில் சீழ் பிடிக்காமல் தினமும் கட்டு மாற்ற வேண்டும். புதிய பேட்டரி ஜோடி 17 மணிநேரம்வரை தாங்கும். இரவில் கரன்ட் இணைப்பில் தூங்க வேண்டும் என்பதால் மின்வெட்டு நேரத்துக்கு மாற்று ஏற்பாடு கட்டாயம். பவானி கூடுதுறையில் முங்கிக் குளிப்பது முடிந்த கதை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்தாலும் கீரையை நிறுத்த வேண்டாம். ஆனால் ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது. பம்பு தொடர்ந்து தள்ளுவதால் கையில் நாடி தட்டாமலே போகலாம். மயங்கி விழுந்தவருக்கு நாடி இல்லை என்றதும் 108 ஊழியர் முடிவு கட்டிவிடாமல், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து மோட்டாரின் ரீங்காரத்தைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பகுதி ஆம்புலன்ஸ் குழுவுக்கு மருத்துவமனையே முன்கூட்டித் தகவல் சொல்லி வைப்பதுதான் முறை.

கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. இறந்தவரைச் சொல்லவில்லை, உயிரோடு சிறுநீரகம் தந்த மனைவியை, அம்மாவை. 2019ஆம் ஆண்டு இந்தியத் தரவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை, உயிரோடு உறுப்பு தந்தவர்களில் ஐந்தில் நால்வர் பெண்கள், பெற்றவர்களில் ஐந்தில் நால்வர் ஆண்கள் என்று காட்டியது. உறுப்புக் கொடை தரும் மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள்வரை சிறப்பு விடுப்பு உண்டு என்று 2023இல் உத்தரவு வந்தது. உடல் தேற அவ்வளவு நாள் வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? வீட்டுப் பெண்ணுக்கு அந்த உத்தரவை யார் போடுவது? கணவர் கட்டிலில் இருக்க, வயிற்றில் தையலோடு அவர் குடம் தூக்குகிறார், ஆட்டுக்கல்லைச் சுற்றுகிறார், வந்த ஒறம்பரைக்குக் காபி கலக்குகிறார். எந்த மறுவாழ்வுத் திட்டமும் இருவரையும் சேர்த்தே பார்க்காவிட்டால் அது பாதித் திட்டம்.

சரி, யார் செய்வது? அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு இதய மறுவாழ்வுக்கு 36 அமர்வுகள்வரை பணம் தருகிறது. இதய மாற்று செய்துகொண்டவர்களும் அதில் அடக்கம். நம் தனியார் மருத்துவக் காப்பீடுகளில் மருத்துவமனைக்குப் பிந்தைய செலவு பெரும்பாலும் 60 அல்லது 90 நாளோடு நின்றுவிடும். கோபாஷிகாவாவின் நோயாளிகள் பயிற்சி செய்தது ஆறு மாதம் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். அமெரிக்க மாதிரியில் டிரெட்மில்களும் மானிட்டர்களும் கொண்ட கூடங்களைத் தாலுகாவுக்கு ஒன்றாகக் கட்ட நம்மால் முடியாது, கட்டவும் வேண்டாம்.

செலவு குறைந்த வழிகளுக்கு முன்னுதாரணம் உண்டு. இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரை வைத்து நடந்த யோகா-கேர் ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. யோகாவை அடிப்படையாகக் கொண்ட பன்னிரண்டு வார மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நிலையை மேலாக மதிப்பிட்டார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்புவதிலும் முந்தினார்கள். மரணமோ மறு மாரடைப்போ கணிசமாகக் குறைந்ததாக நிறுவ முடியவில்லை. ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் சொன்னார்கள். உறுப்பு மாற்றியவர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் பெரிய அளவில் மறுவாழ்வுப் பயிற்சி நடத்த முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

தமிழ்நாட்டிடம் இன்னொரு சொத்து இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடி வருகிறார். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவருக்கு அதற்கான பைகளும் வருகின்றன. பக்கவாதம் வந்தவரின் கையைப் பிடித்து நடக்கப் பழக்கும் அதே பிசியோதெரபிஸ்ட், பக்கத்துத் தெருவில் சிறுநீரகம் மாற்றியவரின் தொடையையும் பேஸ்மேக்கர் வைத்தவரின் தோளையும் பார்த்துவிட்டுப் போக என்ன தடை? பயிற்சியின்மை ஒரு நியாயமான தடை. நரம்பற்ற இதயத்தையும் ஐசிடியின் எல்லை எண்ணையும் அறியாதவர் கையில் நோயாளியை விடுவது ஆபத்து. பி.எஸ்.ஜி., கே.எம்.சி.ஹெச்., ஸ்ரீ ராமகிருஷ்ணா எனப் பிசியோதெரபி கல்லூரிகள் நிறைந்த நகரத்துக்கு அந்தப் பயிற்சியைத் தருவது பெரிய காரியமல்ல. மாற்று அறுவை செய்யும் மருத்துவமனை டிஸ்சார்ஜ் நாளிலேயே நோயாளியின் வட்டாரப் பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்புவதும், மாதம் ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசுவதும் புதிய கட்டடம் கேட்பவை அல்ல. மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் கோவையில் தொடங்கி ஈரோடு, திருப்பூர், நாமக்கல் என்று விரிக்கலாம்.

எட்டும் இலக்கு எது என்பதற்கும் சான்று இருக்கிறது. 1978இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் அறுவை மருத்துவர் மாரிஸ் ஸ்லாபக் தொடங்கிய உலக உறுப்பு மாற்று விளையாட்டுப் போட்டிகளில், மாற்று உறுப்போடு ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள், இறகுப்பந்து ஆடுகிறார்கள். இந்தியர்களும் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள். கோவை நோயாளிக்கு அவ்வளவு வேண்டியதில்லை. தோட்டத்துக் கிணற்றடிவரை நடந்து போய், உட்கார்ந்து, யார் கையும் பிடிக்காமல் எழுந்து வர வேண்டும்.

அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் அசையும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது உறுப்பு மாற்றோ இதயச் சாதனமோ நடந்திருந்தால், டிஸ்சார்ஜ் நாளன்று பில் கட்டும் அவசரத்துக்கு முன்னால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். முதல் வாரம் எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், எந்த வாரத்தில் எவ்வளவு கூட்ட வேண்டும், என்ன தெரிந்தால் நிறுத்த வேண்டும், எப்போது இருசக்கர வாகனம், எப்போது வேலை, ராத்திரி பத்து மணிக்குச் சந்தேகம் வந்தால் எந்த எண் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆறாவது வாரம் நடைச் சோதனைக்கு வர இன்றே தேதி கேளுங்கள். உறுப்பு தந்தவருக்கும் தனியாக ஒரு தாள் வாங்குங்கள். இவை இல்லாமல் காரில் ஏறாதீர்கள்.